பாலியல் வன்கொடுமைக்கான சிகிச்சை: ஓர் அரசு மருத்துவமனை குறித்த மதிப்பீடு

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணுக்குத் துணையாகத் தமிழகத்தின் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அவருடைய அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால் ஊரைக் குறிப்பிடவில்லை.

பணியிலிருந்த பெண் மருத்துவர், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்றா என்று கேட்டுக் காக்க வைக்காமல் உடனே உள்ளே அழைத்துக்கொண்டார். 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இத்தகைய சிகிச்சையைக் கட்டணமின்றி உடனடியாக அளித்தாக வேண்டும். மறுப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் புகார் ரசீதைக் காட்டினால்தான் பார்ப்போம் என்று திருப்பியனுப்பும் இடங்கள் இன்னும் இருப்பதால், இதை முதலில் பாராட்டத் தோன்றுகிறது.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லி, சம்மதம் கேட்டு, "வேண்டாம்னா சொல்லும்மா, நிறுத்திடறேன்; அதுக்காக மருந்து தராம இருக்க மாட்டேன்" என்றார். செவிலியர் தரையில் காகிதம் விரித்து, அதன்மேல் நிற்க வைத்து உடை மாற்றச் செய்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் இட்டார். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடுமாம். 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் விலக்கிய இருவிரல் சோதனை (பெண்ணுறுப்பில் விரல்களை நுழைத்து, அவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்ப்பது) அங்கு நடைபெறவில்லை. 2022இல்கூட உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கண்டிக்க நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது புரியும்.

கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய எச்ஐவி தடுப்பு மருந்தும் அன்றே கிடைத்தன.

குறைகள் பரிசோதனை அறைக்கு வெளியேதான் இருந்தன. சீட்டு போடும் இடத்தில் இருந்த ஊழியர், வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி "ரேப் கேஸ்" என்று உரக்கச் சொன்னபோது அந்தப் பெண் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அத்தனை கவனமாகச் சிகிச்சை அளிக்கும் ஒரு மருத்துவமனை, தன் வாசலில் இதை அனுமதிப்பது மன்னிக்க முடியாதது. எச்ஐவி தடுப்பு மருந்தை 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும் என்றாலும் முதல் சில நாள்களுக்கு மட்டுமே கொடுத்து, மீதியை வேறு கட்டடத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குமட்டலும் தலைசுற்றலும் தரும் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கு விடுப்புச் சொல்லக் காரணமும் தேடிக்கொண்டு, பலமுறை பேருந்தேறி வருவது எத்தனை பேரால் முடியும்? மனநல ஆலோசனைக்கு எப்போது வர வேண்டும் என்பதையும் நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும், யாரேனும் கேட்டால் இந்த மருத்துவமனைக்கே தயங்காமல் அனுப்புவேன். போகிறவர்கள் இயன்றவரை குளிக்காமலும் உடைகளைத் துவைக்காமலும் செல்லுங்கள். குளித்துவிட்டிருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் சிகிச்சை பெறும் உரிமை அப்படியே இருக்கிறது. வழி தெரியாவிட்டால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். பரிசோதனை அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் அந்த வழிகாட்டுதலே சொல்வதால், கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.