பணப்பை இல்லாத யூதாஸ்

நார்மன் ஜூவிசன் இயக்கி 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்னும் இசைத் திரைப்படத்தை, இம்முறை இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷனான யூதாஸ்காரியோத்தை மட்டுமே கவனிப்பது என்ற தீர்மானத்தோடு மீண்டும் பார்த்தேன். இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களையும் சிலுவை மரணத்தையும் சொல்லும் நாடகங்களில் யூதாஸ் பெரும்பாலும் கறுப்பு அங்கியோடும் குலுங்கும் பணப்பையோடும் வந்து நிற்கிறான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே சபையோர் அவனை வெறுத்து முடித்துவிடுவதால், இயேசுவோடு ஒரே கலத்தில் கையிட்டு உண்டவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வி அரங்கில் எழுவதே இல்லை. விசுவாசியான எனக்கு அது நெடுநாளாக மனக்குறையாக இருந்தது.

ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைக்க, டிம் ரைஸ் பாடல்களை எழுதிய இப்படைப்பு, முதலில் 1970இல் இசைத்தட்டாக வந்து, அடுத்த ஆண்டு பிராட்வே மேடையேறியது. வசனம் இல்லாமல் முழுவதும் பாட்டாலேயே நகரும் இக்கதையில் முதலில் பாடுகிறவன் யூதாஸ். அந்நியர் ஆட்சியின் கீழ் வாழும் சிறிய சமூகம் நாம், கூட்டம் பெருகிப் பேச்சு எல்லை மீறினால் ரோமர் நம்மை நசுக்கிவிடுவார்கள் என்பதே அவன் பாட்டின் சாரம். யோவான் சுவிசேஷம் 11:48இல் இதே அச்சத்தைப் பேசுகிறவர்கள் யூத ஆலயத்தின் பிரதான ஆசாரியரும் பரிசேயர் என்னும் யூத சமயப் பிரிவினரும் ஆவர். அவர்களுடைய வாதத்தை எடுத்து, இயேசுவை நேசிக்கும் ஒருவனுடைய வாயில் வைத்ததுதான் இப்படைப்பின் துணிவான செயல் என்று கருதுகிறேன். வேதத்தில் இல்லாத காரணம் என்று இதைத் தள்ளுவோர் இருக்கலாம். ஆனால் வேதத்திலிருக்கும் அச்சம் ஒன்று இடம் மாறியிருக்கிறதே தவிர, வெறுங்கற்பனை அன்று.

இதைவிட நுட்பமானது இயேசுவுக்கு ஒரு பெண் தைலம் பூசும் காட்சி. விலையேறப்பெற்ற தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குறை சொன்னவர்களைச் சுவிசேஷம் எழுதியவர்களில் மாற்கு ‘சிலர்’ என்கிறார், மத்தேயு ‘சீஷர்கள்’ என்கிறார். யோவான் மட்டுமே யூதாஸின் பெயரைச் சொல்லி, அவன் ஏழைகளைப் பற்றிக் கவலைப்பட்டவனல்லன், பணப்பையை வைத்திருந்த திருடன் என்று தீர்ப்பும் எழுதுகிறார். திரைப்படம் யோவானிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடுகிறது. பெத்தானியாவின் மரியாளுக்குப் பதில் மகதலேனா மரியாள் தைலம் பூசுகிறாள் என்பது தனிப் பிழை. அதை இங்கே வளர்க்க வேண்டியதில்லை. யூதாஸின் முறையீடு அங்கே உண்மையான முறையீடாக ஒலிக்கிறது என்பதே முக்கியம்.

அந்த விதை, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் தேடிப்போகும் ஆசாரியர்களின் முன்னால் முளைக்கிறது. பணத்துக்காக வரவில்லை, எனக்கு அது வேண்டாம் என்று யூதாஸ் மறுக்கும்போது, இதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று அவர்கள் நயமாகப் பாடுகிறார்கள். பெத்தானியாவில் அவன் சொன்ன சொல் அவனுக்கே தூண்டிலாகிறது. மத்தேயு குறிப்பிடும் 30 வெள்ளிக்காசு, யாத்திராகமம் 21:32இன்படி மாடு முட்டி இறந்த அடிமைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய தொகைக்குச் சமமாகும். அவ்வளவு அற்பமான தொகைக்காக ஒருவன் தன் போதகரை விற்பானா என்று கேட்பவர்களுக்கு இக்காட்சி கொடுக்கும் விடை எனக்கு நிறைவளித்தது: ஆசை வெல்ல முடியாத மனத்தைத் தருமத்தின் பெயரால் வெல்லலாம். யூதாஸாக நடித்த கார்ல் ஆண்டர்சன் இங்கே குரலைத் தாழ்த்திப் பாடும் விதமும், இதற்குச் சற்று முன்பு பாலைவனத்தில் பீரங்கி வண்டிகள் துரத்த அவர் ஓடிவரும் ஓட்டமும், நெடுநேரம் மனத்தை விட்டு அகலவில்லை.

குறை இறுதிப் பகுதியில் இருக்கிறது. கடைசி இராப்போஜனத்தில், நான் இதைச் செய்ய வேண்டும் என்பதே உமது விருப்பம் என்று இயேசுவிடம் வாதாடும் யூதாஸ், சாகும் தறுவாயில், தன்னைத் தேர்ந்தெடுத்துக் கொலை செய்தவர் தேவனே என்று கதறுகிறான். சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்று லூக்காவும் யோவானும் எழுதியிருப்பதால் இது எளிதில் தீரும் கேள்வியன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், தன் மக்களுக்காக அஞ்சி, தானே யோசித்து முடிவெடுத்த ஒருவனை அரும்பாடுபட்டு உருவாக்கிவிட்டு, கடைசியில் அவனைச் சூத்திரக்கயிற்றில் ஆடும் பொம்மையாக்குவது முதல் பாட்டின் வலிமையையே குறைத்துவிடுகிறது. மத்தேயு 27ஆம் அதிகாரத்து யூதாஸ் யார்மேலும் பழி போடாமல், பாவஞ்செய்தேன் என்று ஆசாரியரிடமே போய்ச் சொல்லுகிறான். அவர்களோ, “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்கிறார்கள். அந்த மூன்று சொற்களின் கொடுமைக்கு ஈடான இசை இப்படத்தில் இல்லை. ஆயினும், மரணத்துக்கு முன் மகதலேனாளின் காதல் பாட்டின் மெட்டையே யூதாஸும் பாடும்படி அமைத்திருப்பது, அவன் கடைசிவரை நேசித்தான் என்பதை விளக்கமின்றி உணர்த்துகிறது.

உயிர்த்தெழுதல் காட்டப்படாததால் ஆராதனைக்குரிய படைப்பாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய உபவாச நாட்களான தபசுகாலத்துக்காக நாடகம் எழுதுவோரும் யூதாஸாக நடிக்கப் போகிறவரும், தைலக் காட்சியையும் ஆசாரியர் காட்சியையும் அடுத்தடுத்துப் பார்த்து, யோவான் 12ஆம் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பணப்பையைத் தங்கள் மேடையில் யார் கையில் கொடுப்பது என்று கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.