மண்ணடியா, திருவல்லிக்கேணியா? சென்னையில் காலைநடைக்கு எது?

ஒரே காலைதான் இருக்கிறதென்றால் மண்ணடி. மெட்ரோவில் இறங்கி, அரண்மனைக்காரன் தெரு என்று கேளுங்கள். 'ஆர்மீனியன் தெரு' என்றால் சிலர் விழிப்பார்கள். 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம், தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள், முற்றமெங்கும் கல்லறைகள். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும் உண்டு. பவழக்காரத் தெருவில் யூத வணிகர்களின் கட்டடத்தைத் தேடிப் பலர் ஏமாறுகிறார்கள், மிஞ்சியது தெருப்பெயர்தான். அங்கிருந்து சௌகார்பேட்டை போனால் குஜராத்தி, மார்வாடிக் கடைகள். பத்து மணிக்குமேல் தள்ளுவண்டிகளும் சுமை ஆட்டோக்களும் தெருவை அடைத்துவிடும். ஞாயிறன்று நடக்க இடமிருக்கும், ஆனால் பல கடைகள் திறக்காது. தேவாலயம் பிற்பகலிலேயே மூடிவிடும், அதனால் முதலில் அங்கே போங்கள்.

திருவல்லிக்கேணியில் பார்க்க வேண்டியவை குறைவு, நடை எளிது. பார்த்தசாரதி கோயில் நண்பகலில் நடைசாத்தும். வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதன் பாரசீகக் கல்வெட்டுப் பாடலை எழுதியவர் மக்கன்லால் என்ற இந்து. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். முதியவர்களோடு போவதானால் இதுவே மேல்.