சீட்டில் 140, டேப்பில் 137: குஷன் கவர் தைத்து விற்பவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி ஆர்டர் எடுத்திருக்கிறவர்கள் துணி வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நகர மத்தியில் ஒரு மொத்த விலைக் கடையில் எங்கள் தையல் குழு ஏமாந்த கணக்கு இது.

ஆர்டர்: லவுஞ்சுக்கு 20 ஸ்கேட்டர் குஷன் (சோபாவில் போடும் சின்ன அலங்காரத் திண்டு), இன்னர், அதாவது உள்ளே வைக்கும் பஞ்சுத் திண்டு, 45க்கு 45 செ.மீ. கவர் இன்னரைவிட 2 செ.மீ. சின்னதாக இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். ஆகவே தைத்த அளவு 43, சுற்றிலும் தையலுக்கு 1 செ.மீ. விட்டால் வெட்டும் அளவு 45. முன்னும் பின்னுமாக 40 துண்டு. 140 செ.மீ. அகலத் துணியில் இரு பக்க ஓரக்கரை (விளிம்பின் கெட்டி நெசவு) 3 செ.மீ. போய், கழுவியதில் 2 செ.மீ. சுருங்கினாலும் 135 மிஞ்சும். மூன்று துண்டு மயிரிழையில் தேறும். 14 வரிசை, 6.3 மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து 7 மீட்டர் வாங்கினோம். சின்னப் பூ டிசைன் என்பதால் டிசைன் பொருத்தும் வேலை இல்லை. பெரிய பூவாக இருந்தால் வரிசைக் கணக்கை டிசைன் திரும்ப வரும் நீளத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

ரோலின் சீட்டில் '140' என்றுதான் இருந்தது. வீட்டில் கழுவிக் காயவைத்த பிறகுதான் டேப் எடுத்தோம், தப்பு அங்கேதான். ஓரக்கரை நீக்கி 132. கழுவாத வெட்டு மிச்சம் ஒன்றைக் கடையில் வைத்தே அளந்தால் கரையோடு 137. மூன்று செ.மீ. தானே என்று தோன்றும். ஆனால் வரிசைக்கு மூன்று துண்டு இரண்டாகிவிட்டது. பக்கத்தில் 42 செ.மீ. பட்டை சும்மா மிஞ்சியது, பைப்பிங்குக்கு, அதாவது ஓரத்தில் தைக்கும் உருண்டைப் பட்டைக்குத்தான் ஆகும். 14 வரிசையில் 28 துண்டு, அதாவது 14 குஷன். ஆறு குஷனுக்குத் துணி இல்லை.

அதே கடையில் இன்னும் 3 மீட்டர் வாங்கினோம். கடையின் டியூப்லைட்டில் ஒரே நிறம், வாசலில் வெயிலில் பிடித்தால் புதுத் துணி ஒரு சாயல் மஞ்சள். வேறு சாய லாட், அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றிய துணி. இரண்டு லாட்டையும் ஒரே குஷனில் கலக்காதீர்கள். ஆறையும் புது லாட்டிலேயே தைத்து வேறு சோபாவுக்கு ஒதுக்கினால் கண்ணுக்குப் படாது. பின்பக்கத்தைப் பிளெயின் துணியில் போட்டும் சமாளிக்கலாம், வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதித்தால்.

'லினன் கலப்பு' என்றதும் சந்தேகம்தான். பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று உருவித் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். லினனோ பருத்தியோ என்றால் காகிதம் எரிந்த வாடை, விரலில் பொடியாகும் சாம்பல். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். எங்களுக்குப் பாவு காகிதமாக எரிந்தது, ஊடை மணியாக உருண்டது. ஊடை பாலியெஸ்டர் மாதிரி, பாவு லினனா பருத்தியா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லினன் விலை கொடுத்திருக்கிறோம்.

இன்னர் விஷயம் இன்னும் மோசம். பையில் 400 கிராம் என்று ஒட்டியிருக்கிறது, சமையலறைத் தராசில் 290 முதல் 310 வரைதான். இந்த அளவு பஞ்சில் நடு உப்பும், மூலை நாய்க்காதாகத் தொங்கும். மூலைகளை உள்ளே 1 செ.மீ. சாய்த்து வெட்டினால் காது குறையும், ஆனால் பஞ்சுக் குறைவை வெட்டு மறைக்காது. காற்று உறிஞ்சி அடைத்த இன்னர் என்றால் பிரித்து ஒரு நாள் வைத்த பிறகே உப்பலைப் பார்க்க வேண்டும். எடைக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம், பையோடு எடை போடலாம்.

இன்னரைப் பை பிரிக்காமல் கொண்டுபோனதால் மாற்றிக் கொடுத்தார்கள். துணிக்கு "கழுவினது, வெட்டினது, எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தந்து பழுது நீக்கமோ மாற்றோ பணமோ கேட்க இடம் தருகிறது. 'ரிட்டர்ன் இல்லை' என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் அந்த உரிமை போகாது. ஆனால் கடையை விட்டு வந்தபின் பொருளை மாற்றியிருந்தால் அந்த அளவுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அதே பிரிவில் இருக்கிறது. கத்தரிக்கோல் பட்ட துணிக்குக் கடைக்காரர் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். சிறு உரிமை நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், கையில் ஆதாரம் வேண்டும்.

அதனால் முதலில் முழு அகலத்துக்குக் கால் மீட்டர் மட்டும் வாங்குங்கள். அதை அளந்து, கழுவி, காயவைத்து, மறுபடி அளங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். பிறகு மொத்தத்தையும் ஒரே லாட்டில், ஒரே ரோலில் வெட்டச் சொல்லுங்கள். பில்லில் 'துணி 7 மீ.' என்று மட்டும் எழுத விடாதீர்கள். கரை நீக்கிய அகலம், நூல் வகை, லாட் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

போன வாரம்கூட அந்த ரோலின் மீதி கடையில் '140' சீட்டோடுதான் நின்றது.