மோட்லி க்ரூவா, பாய்சனா: நான்கு ஆல்பங்களை வைத்து ஒரு பஞ்சாயத்து

கிளாம் மெட்டல், அதாவது எண்பதுகளில் மேக்கப்பும் பளபள உடையுமாக வந்த ஹார்டு ராக் வகை. அதன் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், மோட்லி க்ரூ, பாய்சன் என்ற இரண்டு அமெரிக்கக் குழுக்களில் எது பெரிது என்ற சண்டை வராமல் இருக்காது. மோட்லி க்ரூ கட்சிக்காரர் "பாய்சன் வெறும் லிப்ஸ்டிக்" என்பார். பாய்சன் கட்சிக்காரர் "உங்கள் பாடகர் வின்ஸ் நீலுக்கு முதலில் பாட வருமா?" என்று மடக்குவார். லிப்ஸ்டிக் வழக்கை உடனே தள்ளுபடி செய்துவிடலாம். பாய்சனின் முதல் ஆல்பம் 1986-இல் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 'தியேட்டர் ஆஃப் பெயின்' ஆல்பம் வந்த சமயத்தில், மோட்லி க்ரூவும் லேஸும் மேக்கப்புமாகத்தான் மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முகத்தை விட்டுவிட்டுக் காதுக்கு வருவோம்.

இரண்டு குழுக்களையும் நியாயமாக ஒப்பிட வரலாறே நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. மோட்லி க்ரூவின் 'கேர்ள்ஸ், கேர்ள்ஸ், கேர்ள்ஸ்' (1987), பாய்சனின் 'ஓப்பன் அப் அண்ட் சே... ஆ!' (1988) இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒரே ஆள்: டாம் வெர்மன். இரண்டுமே அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயின. இதைவிடச் சமமான ஆடுகளம் கிடைக்காது.

இந்தச் சுற்றில் ஜெயிப்பது பாய்சன். அதுவும் சுலபமாக. 'கேர்ள்ஸ்' ஆல்பத்தில் 'வைல்ட் சைட்' என்ற முதல் பாடல் அபாரம். மிக் மார்ஸ் கிடாரில் திரும்பத் திரும்ப வாசிக்கும் ரிஃப்பும் டாமி லீயின் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். மோட்டார் பைக் உறுமலோடு வரும் தலைப்புப் பாடலும் சரி, குறை சொல்ல மாட்டேன். அப்புறம்? ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோகும் ஒரு துணுக்கு, கடைசியில் எல்விஸ் பாட்டு ஒன்றின் மேடைப் பதிவு. ஆல்பத்தை எப்படியாவது நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் அப்பட்டமாகத் தெரிகிறது. குழுவின் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதும் பாஸ் கிடார்காரர் நிக்கி சிக்ஸ் ஹெராயினில் மூழ்கிக் கிடந்த காலம் அது.

பாய்சன் ஆல்பத்தில் தத்துவம் கிடையாது, பயமுறுத்தலும் கிடையாது. ஆனால் பத்துப் பாடல்களில் ஏழெட்டுக்காவது பல்லவி இருக்கிறது. ஒரு தடவை கேட்டால் மறுநாள் வாய் தானாக முணுமுணுக்கும் பல்லவி. பென்சில்வேனியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பிழைக்க வந்த பையன்கள் இவர்கள். 'ஃபாலன் ஏஞ்சல்' பாட்டில் ஊரைவிட்டுக் கிளம்பும் பெண்ணின் கதையைச் சொல்லும்போது, அந்த ஊரை அறிந்த குரல் அது என்று தெரிகிறது.

'எவ்ரி ரோஸ் ஹாஸ் இட்ஸ் தார்ன்' 1988 டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடப் பாடலானது. அதன் முதல் சில நொடிகளை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கிடார் தொடங்கும் இடத்தில் பாடகர் பிரெட் மைக்கேல்ஸ் ஒரு பெருமூச்சு விடுவார். அதை வெட்டி எறியாமல் விட்ட கைக்கு ஒரு கும்பிடு. கிடாரை அரை சுருதி இறக்கி, ஜி, சி-ஆட்-9 என்ற இரண்டு கார்டுகளுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இடையே போய் வந்தால் பாட்டில் பாதி கைக்கு வந்துவிடும். கிடார் கற்றுக்கொள்கிறவர்கள் அதை இன்றும் வாசிப்பதற்கு அதுதான் காரணம். எளிமையாக இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள், அப்படி ஒன்றை எழுதிக் காட்டட்டும்.

இப்போது அடுத்த சுற்று. இங்கே பொதுவாக இருப்பது ஸ்டூடியோ: கனடாவின் வான்கூவர் நகரில் இருந்த லிட்டில் மவுண்டன் சவுண்ட். மோட்லி க்ரூ 'டாக்டர் ஃபீல்குட்' ஆல்பத்தை (1989) பாப் ராக் (Bob Rock) என்ற தயாரிப்பாளரை வைத்துச் செய்தார்கள். பாய்சன் 'ஃப்ளெஷ் அண்ட் பிளட்' ஆல்பத்தை (1990) புரூஸ் ஃபேர்பெர்ன் என்ற தயாரிப்பாளரை வைத்துச் செய்தார்கள். பாப் ராக், ஃபேர்பெர்னிடம் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர். ஆக, சீடன் ஒரு பக்கம், ஆசான் ஒரு பக்கம்.

சீடன் ஆசானைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். 'டாக்டர் ஃபீல்குட்' தலைப்புப் பாடல் மெதுவாக இறுகிக்கொண்டே வந்து டிரம்ஸ் இறங்கும் இடத்தில், ஸ்பீக்கர் ஒரு அடி பெரிதானதுபோல் இருக்கும். மிக் மார்ஸ் கிடாரை ஒரு முழு சுருதி இறக்கித்தான் வாசிப்பார். அந்தக் கனம் முந்தைய ஆல்பங்களிலும் இருந்திருக்க வேண்டியது, பதிவில் வரவில்லை. ஒன்றாக உட்கார வைத்தால் அடித்துக்கொள்கிறார்கள் என்று நால்வரையும் தனித்தனியாகப் பதிவு செய்தாராம் பாப் ராக். கேட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி எங்கேயும் தெரியாது. இந்த ஒலியைக் கேட்டுத்தான் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவினர் அவரைத் தங்கள் 1991 ஆல்பத்துக்கு அழைத்தார்கள்.

'கிக்ஸ்டார்ட் மை ஹார்ட்' பாட்டின் தொடக்கத்தில் பைக் கியர் மாற்றுவதுபோல் கேட்பது கிடார்தான். 1987 டிசம்பரில் நிக்கி சிக்ஸ் போதை மருந்து அதிகமாகிச் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியதிலிருந்து பிறந்த பாட்டு அது. செத்துப் பிழைத்ததை வைத்து இவ்வளவு குஷியான பாட்டு எழுத இந்த ஆட்களால்தான் முடியும்.

'ஃப்ளெஷ் அண்ட் பிளட்' மோசமில்லை. பிரெட் மைக்கேல்ஸ் இறந்துபோன நண்பரை நினைத்துப் பாடும் 'சம்திங் டு பிலீவ் இன்', பாய்சன் செய்ததிலேயே கனமான பாட்டு. ஆனால் 14 பாடல்கள் எதற்கு? நான்கைக் கழித்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

வாத்தியக்காரர்களைத் தனித்தனியாக நிறுத்தினால் மோட்லி க்ரூ பக்கம் தராசு சாயும். டிரம்ஸில் டாமி லீக்கு இணையாக பாய்சன் பக்கம் ஆள் இல்லை. பாய்சனின் கிடார்காரர் சி.சி. டிவில் தனித்து வாசிக்கும் சோலோவில் விரல் அங்கங்கே வழுக்கும். ஆனால் அந்த சோலோக்களை வாயால் பாடிக்காட்ட முடியும், வேகமாக வாசித்த எத்தனை பேரின் சோலோவை அப்படிப் பாட முடிகிறது? பாட்டுக்காரர்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் சுமார்தான். வின்ஸ் நீல் மூக்கால் பாடுகிறார். பிரெட் மைக்கேல்ஸ் எட்டாத ஸ்வரத்தைப் பேச்சாக மாற்றித் தப்பித்துவிடுகிறார், சாமர்த்தியம்.

காசு கொடுத்து ஒன்றுதான் வாங்குவேன் என்றால் 'டாக்டர் ஃபீல்குட்' வாங்குங்கள், சத்தமாகப் போட்டுக் கேட்க இடம் இருந்தால். இல்லையென்றால் 'ஓப்பன் அப்'. நான்கையும் கேட்டுச் சலித்தவர்களுக்கு இன்னொரு ஜோடி இருக்கிறது: சி.சி. டிவிலுக்குப் பதில் ரிச்சி கோட்ஸன் வாசித்த பாய்சனின் 'நேட்டிவ் டங்' (1993), வின்ஸ் நீலுக்குப் பதில் ஜான் கொராபி பாடிய 'மோட்லி க்ரூ' (1994). தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுந்த கிரஞ்ச் என்ற புது ராக் அலையில் இரண்டுமே முந்தைய ஆல்பங்கள் அளவுக்கு எடுபடவில்லை. முதலில் கொராபியைக் கேளுங்கள், அட்டையை மறைத்துவிட்டுப் போட்டால் எந்தக் குழு என்றே கண்டுபிடிக்க முடியாது.