கோட்டாறு பழைய சாமான் கடையில மூணு தகரப் பொம்மை

குளச்சல்ல வாட்ச் ரிப்பேர் பாக்குறவன் நான். சாவி குடுத்தா ஓடுற எதைக் கண்டாலும் கை அரிக்கும். போன மாசம் ஸ்பிரிங் வாங்கக் கோட்டாறு போனப்ப, கம்போளத்துப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை கண்ணுல பட்டுது. உருளி, குத்துவிளக்கு, மர்ஃபி ரேடியோவுக்கு நடுவுல ஒரு தாம்பாளம் நிறைய தகரப் பொம்மை. மூணு எடுத்தேன், 1,450 ரூபா.

முதல்ல படகு. உள்ள எண்ணெத் திரி கொளுத்தினா டபடபன்னு ஓடுமே, அதுதான். சின்ன வயசுல சவேரியார் கோவில் திருவிழாக் கடையில அழுது புரண்டு வாங்கினது. இதுல சுத்துற சாமான் ஒண்ணுகூடக் கிடையாது. மேல மெல்லிசா ஒரு தகடு, அதுக்கடியில துளி தண்ணி, பின்னால ரெண்டு குழாய். ஆவி தண்ணியை வெளிய தள்ளும், குளுந்ததும் திரும்ப உறிஞ்சும். தள்ளும்போது நேரா பீச்சுது, உறிஞ்சும்போது எல்லாப் பக்கமிருந்தும் இழுக்குது. அதனாலதான் படகு முன்னால போகுது. தகடு உப்பி அமுங்குற சத்தம்தான் அந்த டபடப. தாமஸ் பியோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1891-லயே இங்கிலாந்துல இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கண்ணுல இடுக்கிட்டு உள்பக்கம் பாத்தேன். மஞ்சள்ல தலைகீழா ஒரு பச்சை மரம், பாதியில வெட்டுப்பட்டு நிக்குது. டால்டா டப்பா! வெளிய நீலமும் சிவப்பும், உள்ள யார் வீட்டு அடுக்களையோ. ஜப்பான்லயும் இதே கதைதான். போர் முடிஞ்ச 1945-ல, கொசுகே மட்சுசோன்னு ஒருத்தர் அமெரிக்கப் பட்டாளம் தூக்கிப்போட்ட டின்னை வெட்டித்தான் பொம்மை ஜீப்பு செஞ்சு வித்தாரு.

ரெண்டாவது, ஜப்பான் கார். தரையில உரசி விட்டா ஓடும். டிரைவர் மூஞ்சி, நம்பர் பிளேட் எல்லாம் அச்சுதான். தகட்டை விரிச்ச வாக்குல அச்சடிச்சு, பொறவுதான் வெட்டி வளைப்பாங்க. ஓரத்துல இருக்குற நாக்கைத் துவாரத்துல விட்டு மடிச்சா முடிஞ்சுது. சிவகாசியில காலண்டர் அடிக்குற ஆப்செட் இருக்கே, அதுவே காகிதத்துக்காகப் பிறந்ததில்ல. 1875-ல ராபர்ட் பார்க்ளேங்கிற இங்கிலாந்துக்காரர் தகரத்துல அடிக்கத்தான் அதைக் கண்டுபிடிச்சாரு. காகிதத்துக்கு வந்தது அதுக்கும் பல வருசம் கழிச்சு.

இங்கதான் கடைக்காரர் மேல எனக்கு வருத்தம். குத்துவிளக்கு தேய்க்குற புளியை வச்சே காரையும் தேய்ச்சிருக்காரு மனுசன். வலதுபக்கக் கதவுல சாயம் போய் வெறுந்தகரம். துருவைக்கூட மன்னிக்கலாம், கடல்காத்து அடிக்குற ஊரு. புளியை எப்படி மன்னிக்க?

மூணாவது, கொத்துற கோழி. "வெள்ளைக்காரன் காலத்துச் சாதனம்லா ஓய்"னு 600 ரூபா வாங்கிட்டாரு. கடையில வெளிச்சம் போதாது, நானும் ஆசையில திருப்பிப் பாக்கல. வீட்டுல பாத்தா வயித்துக்கடியில பொடியா 'சிஇ' (CE) முத்திரை, ஐரோப்பாப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துப்போகுதுன்னு போடுறது. ஐரோப்பாவுல பொம்மைக்கு அந்த முத்திரை வந்ததே 1990 வாக்குலதான். மடிச்ச நாக்குல ஒரு கீறல் இல்ல, உள்ளே தகரம் பளபளன்னு இருக்கு. ஸ்பிரிங்கும் நேத்து வந்தது மாதிரி.

திருப்பிக் கொண்டு போனேன். "வாட்ச் பாக்குற ஆளு, ஒமக்கே தெரியலண்ணா எனக்கு எப்படிய்யா தெரியும்?"னு சிரிச்சாரு. பணம் தரல, 150 ரூபா குறைச்சு ஒரு பழைய டைம்பீஸ் தந்தாரு.

படகுக்காக ஒருதரம் போகலாம், பேரம் பேசுனா இறங்கி வருவாரு. பகல்ல போங்க, லென்ஸ் கொண்டு போங்க, எதையும் கவுத்துப் பாத்துட்டுக் காசைக் குடுங்க.

கோழி என்னமோ நல்லாத்தான் கொத்துது. பேரன் எடுத்துக்கிட்டான். படகைத் தொட்டா மட்டும் அவனுக்கு அடி.