கால் முறிந்த நாய்க்கும் பூனைக்கும்: மாவுக்கட்டா, கம்பியா, பிளேட்டா?

வீட்டு நாய்க்கோ பூனைக்கோ கால் முறிந்துவிட்டால் பலரும் முதலில் கேட்பது, "ஆபரேஷன் இல்லாமல் மாவுக்கட்டு மட்டும் போட முடியாதா?" என்றுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எந்த எலும்பு, என்ன வயது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

முறிவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மூட்டுகளையும் அசையாமல் பிடித்தால்தான் கட்டு பலன் தரும். முழங்கை, முழங்காலுக்குக் கீழே அது சாத்தியம். தொடை எலும்பில் முடியாது, இடுப்பு மூட்டைக் கட்டுக்குள் அடக்க வழியில்லை. அங்கே போட்ட கட்டு நழுவி, முறிந்த இடத்திலேயே பாரமாகத் தொங்கும். குட்டி நாயின் காலை நீட்டிவைத்துக் கட்டினால் தொடைத் தசை எலும்போடு ஒட்டி, முழங்கால் மடங்காமலே போய்விடவும் கூடும். இது நடந்தபின் சரிசெய்வது மிகக் கடினம். தொடை முறிவுக்குக் கட்டு வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

குட்டிகளின் கீழ்க்கால் எலும்பில் விரிசலோ, அதிகம் விலகாத முறிவோ இருந்தால் கட்டே போதும். அவற்றுக்குச் சில வாரங்களிலேயே எலும்பு சேர்ந்துவிடும். வளர்ந்த பிராணிக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் ஆகும். அத்தனை நாளும் கட்டு நனையாமல் பார்த்து, அடிக்கடி மாற்றி, விரல் வீங்குகிறதா, நாற்றம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கட்டுக்குள் புண் வந்தால் வெளியே தெரியாது.

பொமரேனியன், சிவாவா போன்ற சின்ன நாய்கள் சோபாவிலிருந்து குதித்தே முன்னங்காலை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறித்துக்கொள்ளும். பார்க்கச் சின்ன முறிவுதான். ஆனால் அவற்றுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. கட்டு போட்டால் எலும்பு சேராமலே போவது அதிகம். இங்கே எலும்பின் மேல் உலோகப் பிளேட்டை வைத்து ஸ்க்ரூவால் முடுக்குவதுதான் சரி.

எலும்பின் உள்ளே செலுத்தும் கம்பிக்குப் பிளேட்டைவிடச் செலவு குறைவு. எலும்பு வளையாமல் அது தாங்கும். ஆனால் உடைந்த துண்டுகள் சுழல்வதையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையும் தனியாகத் தடுக்காது. அதனால் தொடை எலும்பில் கம்பி வைத்தாலும் கூடவே வேறு பிடிமானம் தேவைப்படலாம். முன்னங்காலில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள ஆர எலும்புக்குக் (ரேடியஸ்) கம்பி கூடவே கூடாது: உட்குழி குறுகல், மணிக்கட்டு மூட்டும் கெட்டுப்போகும். பிளேட் எல்லாத் திசையிலும் பிடிக்கும் என்பதால் காலைச் சீக்கிரமே ஊன்ற முடிகிறது.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், வெளியிலிருந்து கம்பிகளால் பிடிக்கும் சட்டம் உதவும். புண்ணையும் தினமும் சுத்தம் செய்யலாம். எதுவுமே முடியாதபோது காலை எடுப்பதும் ஒரு நல்ல வழிதான். பெரும்பாலான நாய்களும் பூனைகளும் மூன்று காலில் நன்றாகவே ஓடியாடும்.

வண்டி மோதியதென்றால் நுரையீரலையும் சிறுநீர்ப்பையையும் பார்த்தபிறகே காலுக்கு வருவார்கள், ஆபரேஷன் ஓரிரு நாள் தள்ளியும் போகலாம். அதுவரை சின்ன கூண்டில் ஓய்வு கொடுத்து, டாக்டர் தரும் வலி மருந்தை மட்டும் கொடுங்கள். மனிதருக்கான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், இபுப்ரோஃபன் நாய்க்கும் ஆபத்து.