நானே செய்த சைக்கிள் லைட்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். முதல் ஷிப்ட் என்றால் காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர இரவு 11 ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் ஒரு வேளை இருட்டு உண்டு. நானே செய்து மாட்டிய லைட் மூன்று மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

சாமான்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கியவை. 3 வாட் வெள்ளை எல்ஈடி, லென்ஸ், 18650 என்ற, திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய லித்தியம் செல், பாதுகாப்பு சர்க்யூட்டோடு வரும் டிபி4056 சார்ஜிங் போர்டு, ஒரு சுவிட்ச். கூட்டுக்கு ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பும் இரண்டு மூடியும். 500 ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் எல்ஈடியை கரண்டை மட்டுப்படுத்தும் 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக நேராக செல்லில் கொடுத்திருந்தேன். முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில், கண்ணைப் பறித்தது. இரண்டே நாளில் மங்கத் தொடங்கியது. அதைவிடப் பெரிய தவறு, எல்ஈடிக்குப் பின்னால் சூடு இறங்க வழி வைக்காதது. ஒருநாள் விடியற்காலை, திருமுல்லைவாயல் பக்கம், எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் சட்டென்று காலை ஊன்றி நின்றுவிட்டார். இரண்டு கேன்களும் ஆடின. முகத்துக்கு நேரே கையை வைத்துக்கொண்டு, “தம்பி, லைட்டைக் கீழ இறக்குப்பா, ரோடே தெரியல” என்றார். இறங்கிப் பார்த்தால், சூட்டில் க்ளூ கன் பசை இளகி லென்ஸ் சரிந்து, வெளிச்சம் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஷிப்ட் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் பிரித்தேன். ஜன்னல் ஃபிரேம் செய்யும் கடையில் கேட்டு வாங்கிய அலுமினியத் துண்டில் தெர்மல் பேஸ்ட் தடவி எல்ஈடியைத் திருகினேன். ரெசிஸ்டருக்குப் பதில் ஏஎம்சி7135 என்ற சின்ன ஐசி. செல் கொஞ்சம் இறங்கினாலும் ஏறக்குறைய 350 மில்லிஆம்பியர் கரண்டை மாறாமல் கொடுக்கும்; செல் ரொம்ப இறங்கிய பிறகுதான் குறையும். வெளிச்சம் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் குழி தெரிய அது போதும். லென்ஸை எம்-சீல் வைத்து ஒட்டி, மேல்பாதிக்கு ஒரு மறைப்பும் வைத்தேன். பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி நிறுத்தி, லைட் இருக்கும் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பளிச்சென்ற வட்டம் கோட்டுக்குக் கீழே விழும்படி திருப்பினேன். இன்றும் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

செல் விஷயத்தில் ஏமாந்தேன். உறையில் 6000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்த ஒன்று மூன்று மணி நேரத்தில் அணைந்தது. 350-ஐ மூன்றால் பெருக்கிக் கணக்குப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம்தான். இந்த அளவு செல்லில் 3500-க்கு மேல் கிடைப்பதே அரிது. இப்போது இருப்பது 2600. வாரம் ஒருமுறை, வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுகிறேன். செல்லின் மேலேயே சால்டரிங் வைக்காதீர்கள், ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தொந்தரவு கொடுத்தது ஒயர்தான். பின் லைட் ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. வெளியே உறை நன்றாகவே இருந்தது. பிளேடால் கீறிப் பார்த்தபோது, ஈயம் வைத்த இடத்தை ஒட்டி உள்ளே செம்பு பச்சை பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. குலுக்கலும் மழைத்தண்ணீரும் செய்த வேலை. அதிலிருந்து மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயர் மட்டுமே போடுகிறேன், ஒவ்வொரு இணைப்பையும் அசையாதபடி கட்டிவிடுகிறேன்.

பின் லைட்டை யாரும் விடாதீர்கள். முன்னால் வரும் குழியை நாம் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் வரும் லாரி நம்மைப் பார்த்தாக வேண்டும். 5 சிவப்பு எல்ஈடி, ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் ரெசிஸ்டர், தனி செல். கூடவே மட்கார்டில் லாரிகளுக்கு ஒட்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர். சார்ஜ் தீர்ந்துபோன இரவுகளில் அதுதான் துணை.

மீதி இருக்கும் குறை சுவிட்ச் மட்டும். மழையில் தண்ணீர் இறங்கி இரண்டு போய்விட்டன. இப்போது பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மேலே மாட்டியிருக்கிறேன்; போன ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாங்கியது.